வாகனத்தின் மின்னணு திசைகாட்டி: வட்டமிட்டால் எது சரியாகும், எது சரியாகாது?

கேள்வி இதுதான்: காரின் பின்நோக்குக் கண்ணாடியில் உள்ள மின்னணு திசைகாட்டி தவறான திசையைக் காட்டுகிறது. கையேட்டில் சொன்னபடி பொத்தானை அழுத்திப் பிடித்து, காரை வட்டமாக ஓட்டிக் காலிபரேஷன் (அளவுதிருத்தம்) செய்தாகிவிட்டது. திரையில் தோன்றிய அறிவிப்பும் மறைந்துவிட்டது. ஆனாலும் திசை சரியாக இல்லை. சரியானது போலத் தோன்றினாலும் சில வாரங்களில் மறுபடி பிசகுகிறது. கருவி பழுதா, செய்த முறை தவறா?

பெரும்பாலும் கருவி பழுதாக இருப்பதில்லை. அளவுதிருத்தம் என்ற செயல் எதைக் கற்றுக்கொள்ளும், எதைக் கற்றுக்கொள்ளவே முடியாது என்ற எல்லையைக் கையேடுகள் விளக்குவதில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வட்டமிடும்போது திசைகாட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: வாகனத்தோடு சேர்ந்து திரும்பும் காந்தப்புலம் எவ்வளவு என்பதை. இடத்தோடு நிலைத்து நிற்கும் புலத்தையும், நேரத்துக்கு நேரம் மாறும் புலத்தையும் அது கற்றுக்கொள்ள முடியாது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த இடத்தில் வட்டமிட வேண்டும், ஏன் மெதுவாக ஓட்ட வேண்டும், ஏன் சில பிழைகள் எத்தனை முறை சுற்றினாலும் போவதில்லை என்ற எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். புவியின் காந்தப்புலம் மிகவும் வலுக்குறைந்தது. இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும். அதிலும் திசையறியப் பயன்படுவது தரைக்கு இணையாக அமைந்த கிடைத்தளக் கூறு மட்டுமே. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இந்தக் கூறு பல இடங்களில் 40 மைக்ரோடெஸ்லாவை நெருங்கும்; துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல, புலம் செங்குத்தாகச் சாய்வதால், கிடைத்தளக் கூறு 20 மைக்ரோடெஸ்லாவுக்கும் கீழே இறங்கிவிடும். திசைகாட்டியில் உள்ள சென்சார், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அல்லது மூன்று அச்சுகளில் இந்தப் புலத்தை அளந்து, அந்த அளவுகளின் விகிதத்திலிருந்து கோணத்தைக் கணக்கிடுகிறது. காந்த ஊசி போல அது வடக்கை நோக்கித் திரும்புவதில்லை. தன் இடத்தில் உள்ள மொத்தப் புலத்தை அளக்கிறது, அவ்வளவே. அந்த மொத்தத்தில் புவியின் பங்கு எவ்வளவு, வாகனத்தின் பங்கு எவ்வளவு என்று அதற்குத் தானாகத் தெரியாது.

வாகனமோ பெரும்பகுதி எஃகால் ஆனது. தகடுகளை அழுத்தி வடிவமைக்கும்போதும், பற்றவைக்கும்போதும், காந்தப் பற்றிகளால் தூக்கும்போதும் அந்த எஃகில் ஓரளவு நிலைக்காந்தத் தன்மை ஏறிவிடுகிறது. இதோடு ஒலிபெருக்கிகளின் காந்தங்களும், கண்ணாடி துடைப்பான், சன்னல், இருக்கை ஆகியவற்றின் மோட்டார்களும் சேரும். இவை எல்லாம் வாகனத்தோடு இறுகப் பிணைந்தவை. வாகனம் எந்தப் பக்கம் திரும்பினாலும் இவற்றின் புலமும் உடன் திரும்பும். சென்சாரின் கோணத்திலிருந்து பார்த்தால் இது எப்போதும் மாறாமல் ஒரே திசையில், ஒரே அளவில் இருக்கும் கூட்டல். இதைக் கடின இரும்பு விளைவு என்பார்கள்.

இரண்டாவது விளைவு வேறு வகையானது. தானே காந்தமாக இல்லாத தேனிரும்பு போன்ற பகுதிகள், புவியின் புலத்தில் இருக்கும்போது தற்காலிகமாகக் காந்தமாகி, அந்தப் புலத்தை வளைத்து விடுகின்றன. வாகனம் திரும்பும்போது இந்தத் தூண்டப்பட்ட காந்தத்தின் திசையும் அளவும் மாறிக்கொண்டே இருக்கும். இது தேனிரும்பு விளைவு.

இரண்டையும் படமாகக் காண்பது எளிது. காந்தமற்ற ஒரு வாகனத்தைச் சமதளத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றினால், இரண்டு அச்சுகளின் அளவுகளையும் வரைபடத் தாளில் புள்ளிகளாகக் குறிக்கும்போது, மையம் சுழியில் (பூஜ்ஜியப் புள்ளியில்) அமைந்த ஒரு வட்டம் கிடைக்கும். அதன் ஆரம்தான் புவியின் கிடைத்தளக் கூறு. கடின இரும்பு விளைவு இருந்தால் வட்டம் வட்டமாகவே இருக்கும். ஆனால் அதன் மையம் சுழியை விட்டு நகர்ந்துவிடும். தேனிரும்பு விளைவு இருந்தால் வட்டம் நசுங்கி நீள்வட்டமாகும். அளவுதிருத்தம் என்பது இந்தப் புள்ளிகளைச் சேகரித்து, மையம் எவ்வளவு நகர்ந்தது என்று கண்டுபிடித்து அதைக் கழிப்பதும், நீள்வட்டத்தை மீண்டும் வட்டமாக்குவதும்தான். எளிய கருவிகள் ஒவ்வோர் அச்சிலும் பெரும அளவையும் சிறும அளவையும் எடுத்து, அவற்றின் நடுப்புள்ளியை மையமாகக் கொள்ளும். மேம்பட்டவை எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்தும் நீள்வட்டத்தைக் கணக்கிட்டு, இரைச்சலான ஒன்றிரண்டு புள்ளிகளால் ஏமாறாமல் இருக்கும்.

மைய நகர்வின் விளைவு எவ்வளவு பெரியது என்பதை ஓர் எண்ணால் உணரலாம். கிடைத்தளக் கூறு 40 மைக்ரோடெஸ்லாவாக இருக்கும் இடத்தில் வாகனத்தின் நிலைக்காந்தம் 20 மைக்ரோடெஸ்லா அளவுக்கு இருந்தால், சில திசைகளில் பிழை 30° வரை போகும். அதே வாகனம் கிடைத்தளக் கூறு 20 மைக்ரோடெஸ்லாவுக்குக் கீழே உள்ள இடத்துக்குச் சென்றால் நிலைமை வேறு வகையில் கெடும்: வாகனத்தின் புலம் புவியின் புலத்தை மிஞ்சிவிடுவதால், சுழிப்புள்ளி வட்டத்துக்கு வெளியே போய்விடும். அப்போது எத்தனை முறை சுற்றினாலும் திசைகாட்டி எல்லாத் திசைகளையும் தொடாது. எடுத்துக்காட்டாக, வடமேற்குக்கும் தென்மேற்குக்கும் இடையே மட்டும் ஊசலாடிக்கொண்டிருக்கும். முழுச் சுற்றின்போது ஒரு சில திசைகள் திரையில் வரவே இல்லை என்றால் பெரும்பாலும் வலுவான கடின இரும்பு விளைவு திருத்தப்படாமல் இருக்கிறது என்று பொருள். கருவி கெட்டுப்போனதாக எண்ணி மாற்றச் சொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

இனி, எங்கே வட்டமிடுவது என்ற கேள்விக்கு வருவோம். என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியமானது. பலர் தவறுவதும் இதில்தான். கணக்கு முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: சுற்றும் பகுதி முழுவதிலும் வெளிப்புலம் ஒரே சீராக இருக்கிறது, மாறுவது வாகனத்தின் திசை மட்டுமே என்பது. ஒரு கார் இறுக்கமாகத் திரும்பினாலும் அதன் பாதை ஏறத்தாழ 11 அல்லது 12 மீட்டர் விட்டமுள்ள வட்டமாக இருக்கும். அந்த வட்டத்தின் ஒரு பக்கத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் சுவரோ, மறுபக்கத்தில் வேறொரு வாகனமோ, அடியில் இரும்புக் குழாயோ இருந்தால், ஒவ்வொரு புள்ளியிலும் புலம் வேறுபடும். கருவியோ அந்த வேறுபாட்டையும் வாகனத்தின் காந்தம் என்றே எடுத்துக்கொண்டு மையத்தைத் தவறான இடத்தில் வைத்துவிடும். அறிவிப்பு மறைந்துவிடும், திருத்தம் முடிந்ததாகத் தெரியும், ஆனால் கற்றது தவறான பாடம். பல அடுக்கு வாகன நிறுத்தகம், நிலத்தடி நிறுத்தகம், மேம்பாலம், எரிபொருள் நிலையம், உயர் அழுத்த மின்கம்பிகளின் அடிப்பகுதி, ரயில் தண்டவாளத்தின் அருகாமை ஆகிய எதுவும் இதற்கு ஏற்ற இடமல்ல. திறந்த மைதானமும், கம்பியில்லாத தார்த்தளமும் நல்லவை. சந்தேகம் இருந்தால், சாதாரணக் கைத்திசைகாட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, காரை விட்டு விலகி, அந்த இடத்தின் குறுக்கே நேர்கோட்டில் நடந்து பாருங்கள். தரைக்கு அருகிலும் இடுப்பளவு உயரத்திலும் ஊசி ஒரே பக்கம் நின்றால் இடம் நல்லது. நடக்க நடக்க ஊசி அலைந்தால் வேறிடம் தேடுவதே மேல்.

தொடங்கும் முன் வாகனத்தை, நாள்தோறும் எந்த நிலையில் ஓட்டுகிறீர்களோ அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். செல்பேசியைப் பிடித்துவைக்கும் காந்தத் தாங்கி வழக்கமாக இருக்குமானால் அது இருக்கட்டும். வழக்கமாக இல்லாத கருவிப்பெட்டியோ, கூரையில் ஒட்டிய காந்தப் பலகையோ இருந்தால் அகற்றிவிடுங்கள். கதவுகளும் பின்மூடியும் மூடியிருக்கட்டும். கூரைத் திறப்பு உள்ள வாகனத்தில் அதையும் மூடிவிடுவது நல்லது. காந்தத் தாங்கி சென்சாருக்கு அருகில் இருந்தால் அதை அப்படியே வைத்துத் திருத்தம் செய்வதைவிட இடம் மாற்றிவிடும்படியே நான் சொல்வேன். ஏனெனில் செல்பேசி தாங்கியில் இருக்கும்போது ஒரு புலமும் இல்லாதபோது இன்னொரு புலமும் ஏற்படக்கூடும். சிறு காந்தத்தின் புலம் தொலைவின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், தொலைவை இரட்டிப்பாக்கினால் தாக்கம் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரு சாண் தள்ளி வைப்பதே பெரிய வேறுபாட்டைத் தரும்.

மின்னோட்டங்களையும் மறக்கக் கூடாது. 10 ஆம்பியர் பாயும் ஒற்றைக் கம்பி, 10 சென்டிமீட்டர் தொலைவில் 20 மைக்ரோடெஸ்லா புலத்தை உண்டாக்கும். மேலே சொன்ன 30° பிழைக்கு அதுவே போதும். பின்கண்ணாடியைச் சூடாக்கும் இழைகள் 10 ஆம்பியருக்கு மேல் எடுத்துக்கொள்வது இயல்பு. அதனால் அளவுதிருத்தத்தின்போது அதையும், தேவையில்லாத மற்ற பெரிய மின்சுமைகளையும் அணைத்துவிடுங்கள். அவற்றைப் போட்டால் மட்டும் திசை தாவுகிறது என்றால், அது நேரத்துக்கு நேரம் மாறும் புலம். வட்டமிட்டுத் தீர்க்க முடியாது. சென்சாரை இடம் மாற்றியோ கம்பியின் போக்கை மாற்றியோதான் தீர்க்க வேண்டும்.

ஓட்டும் முறைக்கு வருகிறேன். பெரும்பாலான கருவிகளில் ஒரு பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அளவுதிருத்த நிலைக்குப் போகும். பிறகு, பல கையேடுகள் சொல்வதுபோல, மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில், அறிவிப்பு மறையும் வரை வட்டமிட வேண்டும். ஒன்று முதல் மூன்று சுற்றுகளில் இது முடிந்துவிடும். அறிவிப்பு மறைந்தவுடன் நிறுத்திவிடாமல் இன்னும் ஒரு சுற்று முடிப்பது நல்லது. மெதுவாக ஓட்டச் சொல்வதற்கு எல்லாத் திசைகளிலும் போதிய புள்ளிகள் சேர வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை.

பல கருவிகளில் சாய்வை ஈடுகட்ட ஒரு முடுக்கமானி இருக்கும். கீழ்நோக்கிய திசை எது என்பதை அது புவியீர்ப்பிலிருந்து அறிகிறது. வட்டத்தில் ஓடும்போது மையநோக்கு முடுக்கமும் சேர்ந்துகொள்வதால், சமதளத்தில் ஓடும் வாகனம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாக அது எண்ணிக்கொள்ளும். 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 8 கிலோமீட்டரில் ஓடினால், இந்தப் பொய்ச் சாய்வு ஏறத்தாழ 5° ஆகும். மணிக்கு 5 கிலோமீட்டரில் ஓடினால் 2°க்கும் குறைவுதான். புவியின் காந்தப்புலம் தரையை நோக்கிச் சாயும் கோணத்தைக் காந்தச் சரிவு என்கிறோம். சரிவு 60° ஆக உள்ள இடத்தில் செங்குத்துக் கூறு கிடைத்தளக் கூற்றைப்போல 1.7 மடங்கு இருக்கும். அங்கே 5° பொய்ச் சாய்வு 8° அளவுக்குத் திசைப்பிழையாக மாறும். இதில் கவனிக்க வேண்டியது, வாகனம் ஒரே பக்கமாக ஒரே வேகத்தில் சுற்றும்போது இந்தப் பொய்ச் சாய்வு வாகனத்தைப் பொறுத்தவரை மாறுவதே இல்லை என்பதுதான். மாறாத புலம் எதுவானாலும் அதைக் கடின இரும்பு என்றே கருவி எடுத்துக்கொள்ளும். அதனால் வேகமாகச் சுற்றி முடித்த திருத்தம், நேர்ச்சாலையில் ஓடத் தொடங்கியவுடன் பிழையாகிவிடுகிறது. இதற்கு எளிய பரிகாரம் உண்டு: வேகத்தை மேலும் குறைப்பது, கருவி இடம்கொடுத்தால் ஒரு சுற்று வலமாகவும் ஒரு சுற்று இடமாகவும் சுற்றுவது. எதிர்ப்பக்கமாகச் சுற்றும்போது பொய்ச் சாய்வும் எதிராகிவிடுவதால் இரண்டும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். காந்தச் சரிவு சுழியாக உள்ள காந்த நடுக்கோட்டுப் பகுதியில் இந்தப் பிழை ஏறத்தாழ இருக்காது; துருவத்தை நோக்கிப் போகப் போகப் பெரிதாகும்.

தளம் சமமாக இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததே. ஆனால் சீரான லேசான சரிவு வட்டத்தின் அளவை மாற்றுமே தவிர மையத்தைப் பெரிதாக நகர்த்தாது. குண்டும் குழியுமாக, வாகனம் இப்படியும் அப்படியும் ஆடும் தளம்தான் உண்மையில் கெடுதல்.

திருத்தம் முடிந்தபின் சரிபார்க்காமல் விடுவது பாதி வேலையை விட்டுவிடுவதாகும். சரிபார்ப்பதற்கு வாகனத்துக்கு வெளியே ஒரு நம்பத்தக்க திசை வேண்டும். நீண்ட நேர்ச்சாலையில் சீராக ஓடும்போது ஜிபிஎஸ் காட்டும் செல்திசை அதற்குப் போதுமானது. வரைபடத்தில் அந்தச் சாலையின் கோணத்தை அளந்துகொள்வதும் போதும். எட்டுத் திசைகளிலும் கருவி காட்டும் அளவுக்கும் உண்மையான திசைக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கருவி பாகைகளில் காட்டாமல் எட்டுத் திசைப் பெயர்களை மட்டும் காட்டுமானால், ஒவ்வொரு பெயரும் 45° அகலத்தை உள்ளடக்கியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வடக்கு என்ற பகுதியின் விளிம்பில் அமைந்த சாலையில் அது வடக்குக்கும் வடகிழக்குக்கும் இடையே மாறிக்கொண்டிருப்பது பிழையே அல்ல.

இந்த எட்டு எண்களைப் படிக்கத் தெரிந்தால், வாகனத்தைத் தொடாமலேயே காரணத்தைச் சொல்லிவிடலாம். இதற்கான கணக்கு கார்களுக்கு வெகு முன்பே, இரும்புக் கப்பல்களுக்காக உருவானது. 1824-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோன் தூண்டப்பட்ட காந்தத்துக்கான சமன்பாடுகளை வெளியிட்டார். பிரிட்டனின் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1838-இல் 'ரெயின்போ' என்ற இரும்புக் கப்பலில் காந்தங்களையும் இரும்புத் துண்டுகளையும் வைத்துத் திசைகாட்டியைத் திருத்திக் காட்டினார். ஸ்காட்லாந்துக் கணித அறிஞர் ஆர்ச்சிபால்ட் ஸ்மித் புவாசோனின் சமன்பாடுகளைக் கப்பலோட்டிகள் பயன்படுத்தக்கூடிய ஐந்து எண்களாகச் சுருக்கினார். இன்றைய சில்லுக்குள் நடப்பதும் அதே கணக்குதான். அன்று காந்தத்தை நகர்த்திச் செய்ததை இன்று எண்ணைக் கழித்துச் செய்கிறோம். அவர்களின் உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்பு பெருகுகிறது.

அந்த ஐந்து எண்களின் சாரம் இது. பிழை எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் இருந்தால், வட்டமிடுவதோடு அதற்குத் தொடர்பில்லை. சென்சார் வாகனத்தின் முன்பின் அச்சுக்குக் கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, அல்லது கீழே சொல்லப்போகும் காந்த ஒதுக்கம் சரியாக இடப்படவில்லை. எதிரெதிர்த் திசைகளில் பிழையின் குறி மாறினால் அது கடின இரும்பு. எதிரெதிர்த் திசைகளில் ஒரே குறியுடனும், 90° திரும்பினால் குறி மாறியும் வந்தால் அது தேனிரும்பு. வடக்கில் 12° மிகை, தெற்கில் 8° குறை, கிழக்கில் 3° மிகை, மேற்கில் 1° மிகை என்று கிடைத்ததாகக் கொள்வோம். நான்கின் சராசரி 2°. இது பொருத்தக் கோணல் அல்லது ஒதுக்கம். வடக்கு, தெற்குப் பிழைகளின் வேறுபாட்டில் பாதி 10°. இது கடின இரும்பு. கிழக்கு, மேற்கில் அதே கணக்கு 1° மட்டுமே. ஆக, கழிக்கப்படாமல் நிற்கும் நிலைக்காந்தம் வாகனத்தின் குறுக்குவாட்டில், அதாவது இடம் வலமாக இருக்கிறது. தேட வேண்டியது முன்னாலும் பின்னாலும் அல்ல, பக்கங்களில். இவ்வளவையும் நான்கு எண்கள் சொல்லிவிடுகின்றன.

நான்கு முதன்மைத் திசைகளோடு நிறுத்திவிடக் கூடாது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பின்நோக்குக் கண்ணாடியைப் போல வாகனத்தின் நடுக்கோட்டில் அமைந்த சென்சாருக்கு இருபுறமும் எஃகு ஏறத்தாழ ஒத்த அமைப்பில் இருப்பதால், தேனிரும்புப் பிழை வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு ஆகியவற்றில் மறைந்து, வடகிழக்கு போன்ற இடைத்திசைகளில்தான் உச்சத்தைத் தொடும். நான்கு திசைகளில் மட்டும் பார்ப்பவர்கள் எல்லாம் சரி என்று முடிவுகட்டிவிடுவார்கள். மைய நகர்வை மட்டும் திருத்தும் எளிய கருவிகளில் இந்தப் பிழை தங்கிவிடும். எட்டுத் திசை காட்டும் பயன்பாட்டுக்கு அது பொறுத்துக்கொள்ளத்தக்கதே.

காந்த ஒதுக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காந்த வடக்கும் புவியியல் வடக்கும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணமே காந்த ஒதுக்கம். சில இடங்களில் அது சுழியை ஒட்டியும், சில இடங்களில் 15°, 20° என்றும், துருவங்களை ஒட்டி அதைவிட மிகுதியாகவும் இருக்கும். இது இடத்துக்குரிய பண்பு, வாகனத்தோடு திரும்பாது. ஆகவே எத்தனை ஆயிரம் வட்டம் போட்டாலும் கருவி இதை அறிய முடியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும். கிழக்கு ஒதுக்கத்தைக் காந்தத் திசையோடு கூட்ட வேண்டும், மேற்கு ஒதுக்கத்தைக் கழிக்க வேண்டும். வட அமெரிக்காவுக்கான பல வாகனங்களின் கையேடுகளில் 1 முதல் 15 வரை எண்ணிட்ட மண்டல வரைபடம் இருப்பது இதற்காகத்தான். மண்டல எண்ணை மாற்றாமல் நெடுந்தொலைவு போய்விட்டு மறுபடி மறுபடி வட்டமிடுவதால் பயனில்லை. ஒதுக்கம் ஆண்டுதோறும் மெல்ல மாறுவதும் உண்மை. அமெரிக்காவின் நோவா அமைப்பும் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கும் உலகக் காந்த மாதிரி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. வட காந்தத் துருவப் பகுதியில் புலம் எதிர்பார்த்ததைவிட விரைவாக மாறியதால் 2019-இல் இடையிலேயே ஒரு திருத்தம் வெளியிட நேர்ந்தது. ஜிபிஎஸ் இணைந்த கருவிகள் இத்தகைய மாதிரியிலிருந்து ஒதுக்கத்தைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும்.

சில வாரங்களில் மறுபடி பிசகுவதற்கு வருவோம். வாகனத்தின் நிலைக்காந்தம் என்றென்றைக்கும் மாறாதது அல்ல. அதிர்வுகளால் மெல்ல மாறும்; உடற்பகுதியில் பற்றவைப்பு வேலை நடந்தாலும், காந்த அடித்தளமுள்ள ஆன்டெனாவையோ விளம்பரப் பலகையையோ கூரையில் ஒட்டி எடுத்தாலும் சட்டென்று மாறும். கண்ணாடிக்கு மேலுள்ள கூரைச் சட்டம் இப்படி வலுவாகக் காந்தமேறிவிட்டால், கருவியால் ஈடுகட்டக்கூடிய எல்லையையே அது தாண்டிவிடலாம். அறிவிப்பு மறையாமல் சுற்றிக்கொண்டே இருக்க நேர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அப்போது செய்ய வேண்டியது காந்தநீக்கம்: மாறுமின்னோட்டம் பாயும் சுருளைத் தகட்டின் மேல் மெதுவாக நகர்த்தி, அணைக்காமலேயே நன்றாக விலக்கிக்கொண்டுபோய், பிறகு அணைப்பது. அருகில் வைத்தே அணைத்துவிட்டால் புதிதாகக் காந்தமேறிவிடும் அபாயம் உண்டு. வலுவான புலம் சென்சாரையும் பாதிக்கக்கூடும் என்பதால் திசைகாட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, அனுபவமுள்ளவரைக் கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

இன்னொரு காரணம், பல புதிய கருவிகள் பொத்தானை அழுத்தாமலேயே, ஒவ்வொரு திருப்பத்திலும் அமைதியாகக் கற்றுக்கொண்டே இருப்பது. பெரும்பாலும் இது நன்மையே. ஆனால் கம்பி நிறைந்த நிறுத்தகத்தின் சுழல் சாய்தளத்தில் ஏறி இறங்கும் வாகனம், அங்கேயும் பாடம் கற்றுக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. அப்படி வெளியே வந்தவுடன் பிசகினால் பதற வேண்டாம். திறந்த சாலைகளில் நாலைந்து திருப்பங்கள் திரும்பியபின் பார்த்துவிட்டு, அப்போதும் சரியாகவில்லை என்றால் மட்டும் முறையாக வட்டமிடுங்கள்.

மூன்றாவது காரணம் நெடுந்தொலைவு இடமாற்றம். வாகனத்தின் செங்குத்துத் தூண்களும் சட்டங்களும் புவிப்புலத்தின் செங்குத்துக் கூற்றால் காந்தமாகின்றன. ஒரே வட்டாரத்தில் இருக்கும்வரை இது மாறாததால் கடின இரும்பு போலவே கழிக்கப்பட்டுவிடும். வடக்கு தெற்காக வெகுதொலைவு போனால் செங்குத்துக் கூறு மாறி, பழைய திருத்தம் பொருந்தாமல் போகும். கப்பல்களில் இதற்கென்றே திசைகாட்டியின் முன் நிறுத்தப்படும் செங்குத்து இரும்புத் தண்டு, இதை முதலில் ஆராய்ந்த மாலுமி மேத்யூ ஃபிளிண்டர்ஸின் பெயரால் இன்றும் வழங்கப்படுகிறது. வாகனத்தைத் தொலைவான நாட்டுக்குக் கொண்டுபோனால் ஒதுக்கத்தை மாற்றுவதோடு நில்லாமல், புதிதாக வட்டமிடவும் வேண்டும்.

தனியாக ஒரு காந்தமானிச் சில்லை வாங்கிப் பொருத்துபவர்களுக்குச் சில சொற்கள். செல்பேசியை எட்டு வடிவில் சுழற்றுவதுபோல மூன்று அச்சுகளிலும் சில்லைச் சுழற்றி, மேசையின் மேல் திருத்தம் செய்து, பிறகு வாகனத்தில் பொருத்துவதால் பயன் மிகக் குறைவு; மேசையில் வாகனத்தின் காந்தம் இல்லை. பொருத்திய இடத்திலேயே, பொருத்திய நிலையிலேயே சுற்ற வேண்டும். வாகனத்தைத் தலைகீழாகப் புரட்ட முடியாது என்பதால், முழு முப்பரிமாண நீள்வுருவைப் பொருத்த முயல்வது வீண். செங்குத்து அச்சில் போதிய வேறுபாடு கிடைக்காமல் கணக்கு நிலைகுலைந்துவிடும். கிடைத்தளத்தில் இரு அச்சுகளுக்கு மட்டும் நீள்வட்டத்தைப் பொருத்துங்கள். செங்குத்து அச்சுக்கு அந்த இடத்தின் செங்குத்துக் கூற்றைக் காந்த மாதிரியிலிருந்து எடுத்து, அளந்ததோடு ஒப்பிட்டு நகர்வைக் கண்டுகொள்ளுங்கள். மின்கம்பிகளை, போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்த்து முறுக்கியபடி கொண்டுசெல்லுங்கள். இரண்டின் புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உடற்பகுதியையே திரும்பும் பாதையாகப் பயன்படுத்தினால் அந்த நன்மை கிடைக்காது. சுழற்சி வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப்பையும் சேர்த்துக்கொண்டால், பாலத்தின் மேலோ பெரிய லாரியின் அருகிலோ போகும் சில விநாடிகளில் திசை தாவாமல் இருக்கும்.

ஜிபிஎஸ் இருக்கும்போது காந்தத் திசைகாட்டி எதற்கு என்ற கேள்வியும் எழும். ஒற்றை ஆன்டெனா கொண்ட ஜிபிஎஸ், வாகனம் நகரும் திசையைத்தான் சொல்ல முடியும். நின்றுகொண்டிருக்கும்போது முகம் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. பல புதிய கார்கள் ஓடும்போது ஜிபிஎஸ் திசையையே காட்டுவதால் அவற்றில் அளவுதிருத்தப் பொத்தானே இருக்காது. உங்கள் வாகனத்தில் எது உள்ளது என்பதைக் கண்டறிய ஒரு சோதனை போதும்: நிறுத்தகத்தில் பின்னோக்கி நகர்த்தும்போது திரையில் திசை தலைகீழாக மாறினால் அது ஜிபிஎஸ் சார்ந்தது, நின்ற இடத்திலேயே சிறு காந்தம் ஒன்றைக் கண்ணாடியின் அருகே கொண்டுபோனவுடன் மாறினால் அது காந்தச் சென்சார். காந்தத்தை ஒரு கணம் காட்டிவிட்டு உடனே அகற்றிவிடுங்கள்; ஒட்டவைக்க வேண்டாம்.

இவை அனைத்தையும் செய்து, நல்ல இடத்தில் இரு பக்கமும் மெதுவாகச் சுற்றி, மின்சுமைகளை அணைத்து, ஒதுக்கத்தையும் சரியாக இட்டபிறகும், முழுச் சுற்றில் சில திசைகள் வரவே இல்லை என்றால், கண்ணாடியைக் கழற்றி, இணைப்பு நீளம் இடம்கொடுக்கும் அளவுக்குக் கூரைத் தகட்டிலிருந்து விலக்கிப் பிடித்துக் கையால் திருப்பிப் பாருங்கள். அங்கே எல்லாத் திசைகளும் வந்தால் காந்தமேறியிருப்பது கூரை. காந்தநீக்கம் செய்ய வேண்டும். அங்கேயும் வரவில்லை என்றால் மட்டுமே சென்சார் பழுது என்று முடிவுசெய்து, புதிய கருவிக்குப் பணம் செலவழியுங்கள்.